பிறந்தது எத்தனை

கேள்வித்தாள் திரும்பி வந்தது. நாற்பத்தேழாம் வீட்டினுடையது. பதினேழாம் கேள்வியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில், கோழி கிளறியது போன்ற எழுத்தில் மேற்பார்வையாளர் எழுதியிருந்தார்: "ஒத்துவரவில்லை. மறுபடி கேட்டு எழுதவும்."

உங்களுக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் பதினேழாம் கேள்வி. லுஃபேயோ ஐந்து என்று சொல்லியிருந்தார். அவர் மனைவி டோரிகா நான்கு என்று சொல்லியிருந்தாள். புருஷனையும் பெண்சாதியையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் விதி. அவரை மாமரத்தடியிலும் அவளைச் சமையல் குடிசைக்குப் பின்னாலும் வைத்துக் கேட்டவள் நான்தான். இரண்டு பதில்களையும் என் கையாலேயே எழுதிவிட்டு, அவை வேறுவேறாக இருப்பதைக் கவனிக்காமல் அனுப்பியவளும் நான்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நமுலேரா கிராமத்தில் எங்களுக்கு அதுதான் வேலை. சோம்பா நகரத்திலிருந்து வந்த தமாண்டானி என்ற பெண் ஆராய்ச்சியை நடத்தினாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ஊரில் எல்லோரும் அவளை டீச்சரம்மா என்றார்கள். பழைய மரங்களைத் தேடிப் பிடித்து, உள்ளே வரிவரியாக இருக்கும் வளையங்களை எண்ணி, எந்த ஆண்டு மழை பெய்தது, எந்த ஆண்டு பொய்த்தது என்று சொல்லுவாள். நல்ல மழைக்கு அகலமான வரி. பஞ்சத்துக்கு நூல் மாதிரி ஒரு வரி. அந்தந்தப் பஞ்சத்தில் வீடுகள் எப்படிப் பிழைத்தன, எதை விற்றார்கள், எதைத் தின்றார்கள், யார் ஊரைவிட்டுப் போனார்கள், எத்தனை பிள்ளைகள் தங்கின என்று கேட்டு எழுதுவது எங்கள் பங்கு. மரத்திடம் அவள் கேட்டாள், மனிதரிடம் நான் கேட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அடுத்த பஞ்சம் வருவதற்கு முன் எங்கே தானியக் கிடங்கு கட்டலாம், எதை விதைக்கச் சொல்லலாம் என்று தெரியும் என்பாள்.

எங்கள் சமவெளியில் பழைய மரம் என்று ஒன்று நிற்பது இடுகாட்டில் மட்டும்தான். மற்றதெல்லாம் அடுப்புக்கரியாகிப் போயிற்று. இடுகாட்டு மரத்தில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். அங்கே நிற்கும் பெரிய வேங்கை மரத்தின் மேல் டீச்சரம்மாவுக்கு ஒரு கண். அதற்கு அனுமதி கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

பதினேழாம் கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பிறந்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்: புருஷன் சொல்லும் எண்ணிக்கை பெண்சாதி சொல்வதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ இன்னொரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. வெளியூர்க்காரி யாராவது அந்தத் தாளைப் பார்த்திருந்தால் கை தவறி எழுதியது என்று நினைத்திருப்பாள். நான் இந்த மண்ணில் பிறந்தவள். அதனால் தவறாகப் புரிந்துகொண்டேன்.

லுஃபேயோவா இப்படி என்று மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. உரல், உலக்கை, மண்வெட்டிக் காம்பு எல்லாம் செய்கிறவர். பாட்டுக் குழுவில் பின்வரிசையில் நின்று அடிக்குரலில் பாடுகிறவர். எங்கள் பக்கம் ஆண்கள் எல்லோரும் வீட்டோடு மாப்பிள்ளைகள்தான். மனைவியின் ஊரில் குடிசை போட்டு, மனைவியின் நிலத்தைக் கொத்தி, செத்த பிறகு பெட்டியில் தாயின் ஊருக்குத் திரும்புவார்கள். இவரும் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து அப்படி வந்தவர். நான் டோரிகாவின் குலத்தைச் சேர்ந்தவள் என்பதால் என்னை எங்கே கண்டாலும் கொழுந்தியா என்று கூப்பிட்டுக் கேலி பேசுவார்.

அவரைத் தனியே பார்த்துப் பேசலாம் என்று போனேன். வீட்டில் டோரிகா மட்டும்தான் இருந்தாள். முற்றத்தில் பாய் விரித்துத் துவரைக்காயை உரித்துக்கொண்டிருந்தாள். மலைப்பக்கத்திலிருந்து ஈரக்காற்று தூறலோடு வீசியது.

"வா எனேலேசி. இன்னும் கேள்வி தீரலையா? எங்க வீட்டு ஆட்டுக்குட்டியைக் கூட எழுதிக்கிட்டுப் போயிட்டியே."

"ஒண்ணே ஒண்ணு சரிபார்க்கணும்க்கா. மச்சான் இல்லையா?"

"உலக்கைக்கு மரம் பார்க்கப் போயிருக்காரு. என்கிட்ட கேளு, எனக்குத் தெரியாததா?"

நான் அப்படியே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

"பிள்ளைங்க… நாலுதானேக்கா?"

அவள் கை நின்றது. "நாலுதான். அன்னிக்கே சொன்னேனே. ஏன், அவரு என்ன சொன்னாரு?"

"அதை நான் சொல்லக் கூடாதுக்கா. எங்க விதி."

"நாலுன்னு சொல்லியிருந்தா இந்தக் குளிர்ல நீ ஏன் இவ்வளவு தூரம் நடந்து வரப் போற?"

நான் ஆட்டுக்குட்டியைப் பார்த்தேன். என் முகம் விளக்குக் கண்ணாடி மாதிரி, உள்ளே எரிவது வெளியே தெரியும் என்று என் அம்மா சொல்லுவாள்.

"மூணுன்னா சொன்னாரு? குறைச்சுச் சொல்ற ஆளு இல்லையே." அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்போ அஞ்சா?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததே போதுமாக இருந்தது. நீங்கள் சொல்வது வெளியே போகாது என்று ஒவ்வொரு வீட்டிலும் முதல் வரியாகப் படித்துக் காட்டிய நான், ஒரு சொல்லும் சொல்லாமல் அந்த வாக்கை உடைத்தேன்.

"சரி," என்றாள் டோரிகா. குரல் தணிந்திருந்தது. "தண்ணி குடிச்சிட்டுப் போ. நடந்து வந்திருக்க."

அன்று சாயங்காலம் அவர்கள் குளியல் மறைப்புக்குப் பக்கத்தில் புகை எழவில்லை. எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த மொழி. மனைவி புருஷனுக்கு வெந்நீர் வைக்கிறாள் என்றால் வீடு நன்றாக இருக்கிறது. அந்தக் குளிரில் வெந்நீர் இல்லை என்றால் அந்த வீட்டில் இடி விழுந்திருக்கிறது. மறுநாள் தண்ணீர்ப் பம்பில் இதே பேச்சு.

"லுஃபேயோ பச்சைத் தண்ணியில குளிக்கிறாராம்டி."

"ஆமா, காலையில பாடுற சத்தம் கேட்டுச்சு."

"அது பாட்டு இல்லைடி, பல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாளும் புகை இல்லை. டோரிகா தன் தாய்மாமனுக்கு ஆள் அனுப்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கல்யாணத்தைப் பேசி முடித்தவர் அவர்தான், முறிப்பதையும் அவர்தான் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஐந்தாவது பிள்ளை எங்கே, யாருடையது என்று லுஃபேயோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பாயையும் மரம் செதுக்கும் வாச்சியையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குத் திரும்ப வேண்டியதுதான். இருபத்தேழு வருஷக் குடித்தனம்.

வெள்ளிக்கிழமை அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். ஊருக்கு வெளியே, வாழைத்தோட்டத்தை ஒட்டி, ஒரு கட்டையைக் காலால் பிடித்துக்கொண்டு வாச்சியால் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான், என் மேலதான் தப்பு," என்றேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"உன் மேல என்ன தப்பு, கொழுந்தியா? தப்பு குளிர் மேல. கோடைகாலத்துல இதைக் கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா நீ? பச்சைத் தண்ணி சுகமா இருந்திருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாட்டு வேணாம். அந்தப் பிள்ளை எந்த ஊர்ல இருக்குன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க. ஒரு நாள் அழுவா, பிறகு ஆறிடும். பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு?"

அவர் வாச்சியைக் கீழே வைத்தார்.

"எந்த ஊர்லயா? இதே ஊர்லதான். எந்த இடத்துலன்னுதான் தெரியாது."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"தொண்ணூத்திரண்டு," என்றார். "கல்யாணம் ஆகி ஒரு வருஷம். நீ சின்னப் பொண்ணு. தவிட்டைக் கஞ்சி காய்ச்சிக் குடிச்சோமே, ஏரியில இறங்கி அல்லிக்கிழங்கு தோண்டினோமே, அந்த வருஷம். டோரிகா உடம்புல ஒண்ணும் இல்ல, வயிறு மட்டும்தான். பிறந்துச்சு. மூணு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் அழுதுச்சு. நாலாம் நாள் காலையில அழல. பெண்டுக ஒரு துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாங்க. நான் கூரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்படித்தானே நிக்கணும்?"

அப்படித்தான் நிற்க வேண்டும். குழந்தையை வெளியே தூக்கி வந்து ஊருக்குக் காட்டும் சடங்கு முடியும்வரை அது பெண்களுடையது. அதற்குள் போய்விட்டால் பெண்கள்தான் கொண்டுபோய், இடுகாட்டில் அவர்களுக்கென்று உள்ள மூலையில் வைப்பார்கள். பெயர் கிடையாது, ஒப்பாரி கிடையாது. எங்கே வைத்தார்கள் என்று ஆண் கேட்கக் கூடாது. அந்த மூலைக்குள் கால் வைக்கவும் கூடாது.

"பிறகு அக்காகிட்ட இதைப் பேசவே இல்லையா மச்சான்?"

"எப்படிப் பேசறது? ஆம்பளை அந்தப் பேச்சை எடுத்தா அடுத்த பிள்ளை தங்காதும்பாங்க. அடுத்தது தியாமிகே. தங்கினா. அப்புறம் மூணு. எல்லாம் தங்கிச்சு. அவளும் மறந்துட்டா. மறந்து நிம்மதியா இருக்கறவளை எதுக்குக் கிளறணும்?"

"அப்புறம் என்கிட்ட ஏன் அஞ்சுன்னு சொன்னீங்க?"

"இருக்கறது எத்தனைன்னு கேட்டிருந்தா நாலுன்னு சொல்லியிருப்பேன். பிறந்தது எத்தனைன்னு கேட்ட. இருபத்தாறு வருஷத்துல யாரும் என்கிட்ட அதைக் கேட்டதில்ல, எனேலேசி." அன்றுதான் முதல்முறையாக அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை மாமாகிட்ட சொல்லிடுங்க."

"அத்தனை பேர் நடுவுல வச்சா? பெண்டுக காரியத்தைச் சபையில போட்டு உடைச்சான்னு ஆகும். அதுக்குப் பாயைச் சுருட்டிக்கிட்டுப் போறது மேல்." சீவிய மரத்துண்டு ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். எங்க படுத்திருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டா போதும். நான் செத்தா என்னை எங்க அம்மா ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. டோரிகா ஒரு நாள் இந்த மண்ணுல, அது பக்கத்துலயே படுப்பா. நான்தான் எங்கேயோ தனியா கிடப்பேன். போகறதுக்கு முன்னாடி இடத்தையாவது தெரிஞ்சுக்கிட்டா…"

வாச்சியை எடுத்து மறுபடி செதுக்க ஆரம்பித்தார்.

அன்று நான் முழங்காலில் நின்று வெகுநேரம் ஜெபித்தேன். சொல் என்று அவர் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்து ஒரு வீட்டைக் கலைத்தவள் நான். கர்த்தாவே, இப்போது பேசினால் இன்னும் கெடுமா என்று கேட்டேன். ஆண் பேசக் கூடாத பேச்சை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் பேசலாம் என்பது மட்டும்தான் மனசில் நின்றது.

சனிக்கிழமை காலை ஓடையில் டோரிகா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டேன்.

"அந்த அஞ்சாவது பிள்ளையைப் பத்திதான்க்கா."

"நாளைக்கு மாமா வராரு. அவர்கிட்ட சொல்லட்டும்."

"அவரு சொல்ல மாட்டாருக்கா. சொல்லக் கூடாத பிள்ளை அது. தொண்ணூத்திரண்டுல பிறந்தது."

அவள் கையில் இருந்தது லுஃபேயோவின் சட்டை. அதைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டி நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"அவரு எண்ணுறாரா?" என்றாள்.

"எண்ணுறாருக்கா."

"நீ கேட்டப்போ நானும் அஞ்சுன்னுதான் சொல்ல வந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எண்ணக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்துட்டாங்களே, என்ன பண்றது? முழுங்கிட்டேன்." ஓடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆம்பளைங்களுக்கு அதெல்லாம் பெய்ஞ்ச மழை காஞ்ச மாதிரின்னு நினைச்சேன். ஒரு வார்த்தை கேட்கலையே அந்த மனுஷன். ஒரு வார்த்தை."

"நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு."

"மறக்கறதா!" என்றாள். முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டாள். ஓடைத் தண்ணீர் எது, மற்றது எது என்று நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உன் தாள்ல மாத்தி எழுது. அஞ்சு," என்றாள்.

அவர் அந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுவதையும் சொன்னேன். அது அவள் கையில் இல்லை, எந்த ஒருத்தி கையிலும் இல்லை.

சாயங்காலம் குளியல் மறைப்புக்குப் பக்கத்தில் புகை எழுந்தது. ஊரே பார்த்தது. அடிக்குரலில் பாட்டும் கேட்டது.

வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியும் தாய்மாமன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். அவருக்காக அடித்த கோழியைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு, "சரி, என்ன பிரச்சனை?" என்று கேட்டார்.

"தண்ணி சுடாம இருந்துச்சு மாமா. இப்போ சுட்டிருச்சு," என்றாள் டோரிகா.

அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நல்ல கோழி," என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை டீச்சரம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. இடுகாட்டுக்கு ஊர்த் தலைவர் சம்மதம் சொன்னால் போதும். ஆனால் அந்தப் பெரிய வேங்கை நின்றது பெண்கள் குழந்தைகளை வைக்கும் அந்த மூலையில். அங்கே ஃபலேசி பெரியம்மாவின் சொல்தான் செல்லும். எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் இறந்தாலும் முதலில் கூப்பிடப்படுகிறவள் அவள். "மரத்தைத் தொடட்டும். ஆனா பெண்டுக மட்டும்தான் உள்ளே வரணும்," என்று சொல்லிவிட்டாள்.

நாங்கள் ஏழு பேர் போனோம். ஃபலேசி பெரியம்மா, டோரிகா, நான், ஊர்ப் பெண்கள் மூன்று பேர், டீச்சரம்மா. கருவிப் பையைச் சுமந்து வந்த லுஃபேயோ எல்லைக்கல்லில் நின்றுவிட்டார். வண்டி டிரைவரோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

டீச்சரம்மாவின் கருவி ஒரு இரும்புக் குழாய். நுனியில் திருகாணி மாதிரி மரை. மறுமுனையில் குறுக்கே ஒரு பிடி. இரண்டு கையாலும் பிடியைத் திருகித் திருகி அதை மரத்துக்குள் ஏற்ற வேண்டும். நடுமரம் வரை போனதும், உள்ளே சிக்கிய பென்சில் கனத்து மரக்குச்சியை உருவிக்கொண்டு, குழாயைப் பின்பக்கமாகத் திருகி வெளியே எடுக்க வேண்டும். அவள் திருகத் தொடங்கியதும் துளையிலிருந்து சிவப்பாக வடிந்தது. ஊர்ப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி பயம்?" என்றாள் ஃபலேசி பெரியம்மா. "வேங்கையைக் குத்தினா சிவப்பாத்தான் வடியும். உங்க வீட்டு உரலெல்லாம் என்ன, பால் வடிச்சுச்சா?"

குழாய் முழுதும் உள்ளே போயிற்று. குச்சி வந்தது. டீச்சரம்மா அதைப் பிறந்த குழந்தையை வாங்குவது போல இரு கையாலும் வாங்கித் தட்டில் வைத்தாள். பிறகு குழாயைத் திருகி எடுக்கப் போனாள். வரவில்லை. மூச்சைப் பிடித்துத் திருகினாள், நெற்றி நரம்பு புடைத்தது. பிடியை விட்டுவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"இறுகிடுச்சு. கொஞ்சம் பொறுங்க."

"நான் பார்க்கிறேன்," என்று டோரிகா முன்னால் வந்தாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தினமும் உலக்கை பிடிக்கிற கை. ஒரு தடவை உந்தினாள். பிடி கால்வட்டம் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவள் நின்றாள். பிடியை மெதுவாகப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தாள்.

"முடியல," என்றாள்.

நான் கை வைத்தேன். லேசாக நகர்ந்தது. டோரிகாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம், காய்ந்த புல் மூடிய ஒரு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் முடியல," என்றேன்.

ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி கை வைத்தாள், புருவத்தை உயர்த்தினாள், டோரிகாவைப் பார்த்தாள், "அப்பாடி, கல்லு மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு விலகினாள். அடுத்தவளும் அப்படியே. மூன்றாமவள் பிடியைத் தொடக்கூட இல்லை. "எனக்கு இடுப்பு வலி," என்றாள்.

கடைசியாக ஃபலேசி பெரியம்மா. தண்ணீர்க் குழாயைத் தொடுவது போல ஒரே விரலால் பிடியைத் தொட்டுப் பார்த்தாள். அது அசைந்தது. பெரியம்மா டோரிகாவை நீண்ட நேரம் பார்த்தாள். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் துணியைச் சுமந்து வந்தவள் அவள்தான்.

"எனக்கு வயசாச்சு," என்றாள். "இதுக்கு ஆம்பளைக் கைதான் வேணும்."

டீச்சரம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. "டிரைவரைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்!" என்றோம் நாங்கள் ஆறு பேரும் ஒரே குரலில்.

"டிரைவருக்கு என்ன தெரியும்? ஸ்டியரிங் தெரியும்," என்றாள் பெரியம்மா. "வேங்கையோட பழகின கை வேணும். தியாமிகே அப்பாவைக் கூப்பிடு."

"இருங்க, நானே இன்னொரு தடவை…" என்று டீச்சரம்மா பிடியை நோக்கிக் கை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கை வலிக்கும் டீச்சரம்மா. இருக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். கெட்டிக்காரி. கையை இழுத்துக்கொண்டாள்.

"நாமெல்லாம் மலைப்பக்கம் திரும்பி நிப்போம். காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது," என்றாள் பெரியம்மா. காற்று எதிர்ப்பக்கத்திலிருந்துதான் அடித்தது. நாங்கள் மலையைப் பார்த்துத் திரும்பினோம். டோரிகா மட்டும் திரும்பவில்லை.

பொய் சொல்லாதே என்று ஞாயிறுதோறும் படிக்கிறோம். அன்று அந்த மரத்தடியில் ஆறு பெண்கள் பொய் சொன்னோம், அதுவும் இறந்தவர்கள் முன்னால். பாவ அறிக்கை செய்யும்போது இதை நான் இதுவரை சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்க்கச் சொன்னால் சேர்க்கிறேன். ஆனால் அந்தப் பாவத்தைச் செய்ய எங்களுக்குள் ஒருத்திக்கும் கை நடுங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுவேன்.

இனி நடந்ததைக் காதால்தான் கேட்டேன். டோரிகா குரல் கொடுத்தாள். சருகில் லுஃபேயோவின் காலடி. மெல்ல, நிறுத்தி நிறுத்தி வந்தது. மரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முழு பலத்தோடு அவர் மூச்சை இழுப்பது கேட்டது. அடுத்த நொடி தொப்பென்று ஒரு சத்தம்.

"என்ன இது?" என்றார் தரையிலிருந்து. "வெண்ணெயில குத்தின மாதிரி வருது!"

"ஆமா," என்றாள் டோரிகா.

எனக்குப் பக்கத்தில் நின்றவள் மூக்கை உறிஞ்சினாள். பெரியம்மா அவள் முழங்கையில் தட்டினாள்.

"எங்க?" என்று லுஃபேயோ கேட்டார். அடிக்குரலில் பாடுகிற மனிதருக்கு அவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

காலடி நகர்ந்தது. முழங்கால் தரையில் படும் சத்தம்.

"அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். அந்தக் கல்லை ஒட்டி." பிறகு டோரிகாவே சொன்னாள்: "எனக்கே ஆறு வருஷம் கழிச்சுத்தான் காட்டினாங்க. உங்ககிட்ட சொல்லணும்னு எத்தனையோ நாள் நினைச்சேன். நீங்க மறந்திருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அவர் கை புல்லை விலக்கும் சத்தம் கேட்டது.

"பொண்ணு," என்றாள். "உங்க மூக்கு. அப்படியே உங்க மூக்கு."

"இந்த மூக்கா?" என்றார் அவர். "பொண்ணுக்கா? ஐயோ பாவம்."

இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. ஃபலேசி பெரியம்மா மலையைப் பார்த்தபடியே உரக்கச் சொன்னாள்: "ஆம்பளைக் குரல் கேக்குற மாதிரி இருக்குல்ல? காத்துதான். இந்த மாசத்துக் காத்து அப்படித்தான் பேசும்."

போதுமான நேரம் கழித்து நாங்கள் திரும்பினோம். அங்கே டோரிகா மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள், கையில் அந்த இரும்புக் குழாயோடு. டீச்சரம்மா தேன்மெழுகை உருட்டி மரத்தின் துளையை அடைத்தாள்.

இடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் கை கழுவாமல் ஊருக்குள் போகக் கூடாது. எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தோம். எல்லோரும் கழுவினோம். கடைசியில் டோரிகா குவளையை எடுத்துப் புருஷனைப் பார்த்தாள். உள்ளே போகாத ஆள் எதற்குக் கை கழுவ வேண்டும் என்று டிரைவர் கூடக் கேட்கவில்லை.

லுஃபேயோ இரண்டு கையையும் நீட்டினார். அவள் ஊற்றினாள். வேங்கைச் சாறு பட்டு உள்ளங்கை சிவந்திருந்தது. அவள் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"போகாது," என்றார் அவர். "ரெண்டு மூணு நாளாவது இருக்கும்."

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, வாளியில் தண்ணீர் தீரும்வரை அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.